யாருடைய ஒரு மணி நேரம்?

மதுரையிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 420 கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி பத்து நிமிடம். இது விமான நிறுவனங்களின் கணக்கு. அமைச்சர்களும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. முன்னால் சைரன் போகிறது. பெருங்குடியில் லாரிகளை ஓரங்கட்டுகிறார்கள். விஐபி வாசல் தனியாகத் திறக்கிறது. ஏறி உட்கார்ந்து பேப்பரை மடித்து வைப்பதற்குள் மீனம்பாக்கம் வந்துவிடுகிறது. அங்கும் ஒரு கார். அங்கும் ஒரு சைரன். இந்த ஊருக்கும் தலைநகருக்கும் நடுவே தூரம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

நமக்குத் தெரியும்.

உசிலம்பட்டிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவசரமாகச் சென்னை போக வேண்டும். ரயிலில் இடமில்லை. முதல் முறையாக விமான டிக்கெட் போட்டிருக்கிறார். விடியுமுன் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்குகிறார். அங்கிருந்து விமான நிலையம், நகரத்தின் மறுமுனை. டவுன் பஸ்ஸை நம்பினால் விமானம் போய்விடும். ஆட்டோவைக் கூப்பிடுகிறார்.

"ஏர்போர்ட்டுக்கு எவ்வளவுண்ணே?"

"ஐந்நூறு குடுங்க."

"என்னண்ணே, இந்தா இருக்கிற அவனியாபுரம் தாண்டினா ஏர்போர்ட்டு. அதுக்கு ஐந்நூறா?"

"பிளேன்ல போறவுக ஐந்நூறுக்குக் கணக்குப் பாக்கலாமா சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. பிளேனில் போகிறவர் என்றால் பணக்காரர் என்று ஆட்டோக்காரர் நம்புகிறார். பணக்காரர் இல்லாதவரும் இன்று பிளேனில் போகிறார் என்று தில்லி நம்புகிறது. இரண்டு நம்பிக்கைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வில்லாபுரத்தில் நெரிசல். அவனியாபுரத்தில் நெரிசல். பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்கு இந்தச் சாலையை அடைப்பார்கள். அது நியாயம், காளை வருஷத்துக்கு ஒருநாள்தான் மறிக்கிறது. மற்ற நாட்களில் மறிப்பது யார் என்று மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்பே வரச் சொல்லியிருக்கிறார்கள். வந்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றுகிறார். சில்லறையைக் கொட்டுகிறார்.  வாசலுக்கு வெளியே பதினைந்து ரூபாய்க்கு விற்கும் காபி, வாசலுக்கு உள்ளே நூறு ரூபாயைத் தாண்டுகிறது. அதுவும் பறந்து வந்திருக்கும்போல.

சரி, அந்த ஒரு மணி பத்து நிமிடத்துக்கு வருவோம். அதிலும் ஒரு சூது உண்டு. டிக்கெட்டில் அச்சடிக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஜெட் விமானம் ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணியைச் சுற்றித்தான். விசிறி வைத்த ஏடிஆர் என்றால் கொஞ்சம் கூடும். மீதியெல்லாம் ஓடுதளத்தில் வரிசை, சென்னைக்கு மேலே வட்டம், அதற்கும் மேலே நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் கொசுறு. கொசுறு எதற்கு? தாமதமாகக் கிளம்பினாலும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று மார்தட்டுவதற்கு. உலகம் முழுக்க நடக்கிற வேலைதான். தாமதத்தை முன்கூட்டியே அட்டவணையில் அச்சடித்துவிட்டால் அது தாமதம் ஆகாது. 'மாதாந்திரப் பராமரிப்பு' என்று முதல்நாள் பேப்பரில் போட்டுவிட்டு மின்சாரத்தை நிறுத்தினால் அது மின்வெட்டு ஆகாதே, அந்த மாதிரி.

மீனம்பாக்கத்தில் இறங்கியாகிவிட்டது. பெட்டி வர அரைமணி. அங்கிருந்து மாநகருக்குள் போக ஒரு மணி. மழை பெய்திருந்தால் ஆண்டவன் விட்ட வழி. வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் உசிலம்பட்டிக்காரர் கழித்துப் பார்க்கிறார். ஏழு மணி நேரம்.

வைகை எக்ஸ்பிரஸ் மதுரையிலிருந்து எழும்பூர் போக எடுத்துக்கொள்வதும் ஏழு மணிச் சொச்சம்தான். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்புக்கு இருநூறு ரூபாய் அளவில் கட்டணம். பெல்ட்டைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். திண்டுக்கல் வந்ததா, திருச்சி வந்ததா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டும் போகலாம்.

இங்கே ரயில்வே தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். வைகை ஓடத் தொடங்கியது 1977 ஆகஸ்ட் 15. மீட்டர் கேஜ் காலம். அப்போதும் ஏழு மணிச் சொச்சம். இப்போது அகலப்பாதை, இரட்டைப்பாதை, மின்பாதை. இப்போதும் ஏழு மணிச் சொச்சம். தண்டவாளம் அகன்றது, நேரம் ஒடுங்கவில்லை. அதிக காசு கொடுக்கிறவருக்கு 2019-இல் தேஜஸ் வந்தது. இன்னும் அதிகம் கொடுக்கிறவருக்கு 2023-இல் நெல்லை வந்தே பாரத் வந்தது. அது ஐந்தரை மணியை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ இதே தொலைவுதான் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும். அங்கே 1964-லேயே நான்கு மணி நேரத்தில் போனார்கள். இன்று இரண்டரை மணிக்குள் போகிறார்கள். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊருக்கு விமானமே விடக் கூடாது என்று பிரான்ஸில் சட்டம் போட்டு, 2023-இல் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்த், போர்தோ நகரங்களுக்கு விமானம் கிடையாது. அங்கே ரயில் விமானத்தைத் துரத்தியது. இங்கே டிக்கெட் கிடைக்காத ரயில், பயணியை விமானத்திடம் துரத்துகிறது. பண்டிகைக்கு அறுபது நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல்.

இந்தத் தூரம் தூரம்தான் என்று ஒப்புக்கொண்ட அமைப்பு ஒன்றே ஒன்று. நீதித்துறை. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரைக்கு வந்தது. ஒரு வாய்தாவுக்குக் கன்னியாகுமரிக்காரன் சென்னைவரை போய்வருவது அநியாயம் என்று பல பத்தாண்டுகள் வழக்கறிஞர்கள் போராடியதால் வந்தது. நீதிக்குத் தூரம் உண்டு என்றால் மற்ற இலாகாக்களுக்கு மட்டும் ஏன் கிடையாது? தலைமைச் செயலகத்தின் கையெழுத்துக்கு இன்றைக்கும் தென் மாவட்டம் முழுக்க ராத்திரி பஸ் ஏறுகிறது.

இனி கட்டணம். இங்கேதான் வயிறு எரிகிறது.

2017 ஏப்ரலில் சிம்லாவில் பிரதமர் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்தார். ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பது தம் கனவு என்றார். ஒரு மணி நேரப் பறப்புக்கு, அதாவது சுமார் 500 கிலோமீட்டருக்கு, 2,500 ரூபாய் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல கனவு. மதுரை–சென்னை ஒரு மணி நேரம்தானே, 500 கிலோமீட்டருக்குள்தானே என்று கேட்காதீர்கள். இது உடான் தடம் இல்லை. ஏற்கெனவே விமானம் ஓடுகிற தடத்துக்கு உடான் எதற்கு? விமானம் ஓடாத ஊருக்குத்தான் மலிவு டிக்கெட். ஆனால் ஓடாத ஊரில் விமானம் ஓடாது. நெய்வேலி, வேலூர், ராமநாதபுரம் எல்லாம் பட்டியலில் ஏறின. பட்டியல் பறந்தது.

நான் கோபத்தில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், இந்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் வெளியிட்ட அறிக்கையைப் பார்க்கலாம். உடானின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை. கிளம்பியவை 371. அவற்றில் மூன்றாண்டு மானியக் காலத்தை முழுதாக ஓட்டி முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் தாக்குப்பிடித்து ஓடியவை, 2023 மார்ச் கணக்குப்படி, 54. எழுநூற்று எழுபத்துநான்கில் ஐம்பத்துநான்கு. பள்ளிக்கூடத்துப் பையன் இந்த மார்க் வாங்கி வந்தால் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே விழா எடுத்தார்கள்.

ஹவாய் செருப்பு மதுரையில் பறக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022 ஆகஸ்ட் 13 அன்று விமான நிலையத்துக்கு வெளியே ஒரு செருப்பு பறந்தது. அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனின் கார் மேல் போய் விழுந்தது. தேசியக் கொடி கட்டிய கார். இந்த ஊரில் செருப்பு ஆகாய மார்க்கமாகப் பயணம் செய்ததற்குப் பதிவான சான்று அது ஒன்றுதான். கட்டணம் ஏதும் வசூலிக்கவில்லை.

மதுரை–சென்னை டிக்கெட் சாதாரண நாளில் மூவாயிரம், நாலாயிரம். தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து மதுரைக்கு அதே இருக்கை பத்தாயிரத்தைத் தாண்டும். பதினைந்தாயிரத்தைத் தாண்டிய தீபாவளியும் உண்டு. அதே விமானம். அதே 420 கிலோமீட்டர். அதே எரிபொருள். தூரம் கூடவில்லை, உங்கள் அவசரம் கூடியிருக்கிறது. அவசரத்துக்கு விலை போடுவதற்குக் கணினியில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வட்டிக்கடைக்காரர் செய்தால் கந்துவட்டி, சட்டப்படி குற்றம். கணினி செய்தால் மாறும் கட்டணம், நிர்வாக மேதைமை.

அரசைக் கேட்டால் கையை விரிக்கிறது. 1994 மார்ச்சோடு விமானக் கட்டணத்தில் கட்டுப்பாடு போய்விட்டது, சந்தை தீர்மானிக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 135-ஆவது விதி என்று ஒன்று உண்டு. செலவு, சேவையின் தன்மை, நியாயமான லாபம் ஆகியவற்றைக் கருதிக் கட்டணம் வைக்க வேண்டும் என்கிறது அது. நியாயம் எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் யார்? டிக்கெட் விற்கிறவரே. அளவு மீறினால் தலையிடும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு உண்டு. அந்த அதிகாரத்துக்குத் தீபாவளி விடுமுறை. பொங்கல் விடுமுறை. தேர்தல் விடுமுறை.

முடியாது என்பது பொய். முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு விமானம் மீண்டும் கிளம்பியபோது, பறக்கும் நேரத்தை ஏழு அடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு வைத்தார்கள். 40 முதல் 60 நிமிடம் என்றால் 2,500-க்குக் குறையாமல், 7,500-க்கு மிகாமல். இரண்டு வருஷத்துக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது.  எந்த முதலாளியும் தெருவில் நிற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 31-இல் எடுத்துவிட்டார்கள். பிறகு 2025 டிசம்பர். விமானிகளின் பணிநேரத்துக்கான புதிய விதி வருவது தெரிந்தும் போதிய ஆள் இல்லாமல் இண்டிகோ நிறுவனம் திணறி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் விலையை ஏற்றின. டிசம்பர் 6 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,000 கிலோமீட்டர் வரை 12,000. அதற்கு மேலும் இப்படியே தூரத்துக்கு ஏற்ப. ஒரே நாளில் போட்டார்கள். குழு இல்லை, ஆய்வு இல்லை, கருத்துக்கேட்பு இல்லை.

அந்த டிசம்பரில் தில்லி விமான நிலையத்தின் தரையில் படுத்துக் கிடந்தவர்களைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. தீபாவளிக்கு முந்தின இரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவனை அப்படிக் காட்டுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மத்திய அரசைத் திட்டும்போது மாநில அரசு கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள். விமான எரிபொருள்மீது தமிழ்நாடு வசூலித்துவந்த வாட் வரி 29 சதவீதம். நாட்டிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பல மாநிலங்கள் இறக்கின. இங்கே சமூகநீதி பேசினார்கள். பணக்காரன் பறக்கிறான், கட்டட்டும் என்பது வாதம். ஆட்டோக்காரரின் அதே வாதம். ஆட்டோக்காரரையாவது மன்னிக்கலாம், அவருக்குப் பெட்ரோல் விலை ஏறியிருக்கிறது.

இனி வரைபடத்தை விரியுங்கள். அளவுகோலை எடுங்கள். மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். பெங்களூரு சுமார் 375. சென்னை 420. ஆக, நம் தலைநகரைவிட அண்டை நாட்டுத் தலைநகர் நமக்குப் பக்கம். 2012 செப்டம்பர் 20 அன்று மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குத்தான் பறந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் துபாய்க்குப் பறந்தது. அப்புறம் சிங்கப்பூர். ஊர் சிலிர்த்தது. இனி என்ன, உலகமே நம் வாசலில் என்று பேசினார்கள்.

உலகம் வாசலுக்கு வரத் தயாராகத்தான் இருந்தது. உள்ளே விடவில்லை. இரண்டு நாடுகள் விமானம் விட்டுக்கொள்ள ஒப்பந்தம் போடும்போது, இந்த நாட்டு விமானம் அந்த நாட்டின் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று பட்டியல் எழுதுவார்கள். சிங்கப்பூரோடும் மலேசியாவோடும் அமீரகத்தோடும் இந்தியா போட்ட பட்டியல்களில் மதுரை விடுபட்டது. மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் மக்களவையில் கேட்டார். வணிகர்கள் தில்லிக்குக் காவடி எடுத்தார்கள். வந்த பதிலின் சாரம் இதுதான்: இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம், தடையில்லை, வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் புதிதாக ஊர் சேர்ப்பதாக இல்லை.

இந்தப் பதிலைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்க வேண்டும். பறக்கலாம் என்று அனுமதி பெற்றவன் பறக்க மாட்டேன் என்கிறான். பறக்கிறேன் என்று வருகிறவனுக்கு அனுமதி கிடையாது. நடுவே மதுரை.

சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? திருச்சிக்குப் போகிறார்கள். வேன் பேசிக்கொண்டு, குடும்பத்தோடு, அழுதபடி. சிட்டம்பட்டியில் ஒரு சுங்கச்சாவடி, பூதக்குடியில் இன்னொன்று. திருச்சியில் இடமில்லையென்றால் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம். கமுதிப் பக்கத்து வீட்டிலிருந்து திருச்சி ஓடுதளத்தில் சக்கரம் உருள்வதற்குள் எட்டு மணி நேரம் கரையும். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வங்கக் கடலைத் தாண்டுவது சுலபம். மேலூரைத் தாண்டுவதுதான் பாடு. திருச்சியின்மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கும் மேல் கொட்டி 2024 ஜனவரியில் அவர்களுக்குப் புது முனையம் திறந்தார்கள். நன்றாக இருக்கட்டும். நம் பிள்ளைகள் கொடுக்கும் காசிலும்தான் அது ஓடுகிறது.

'சர்வதேச' என்ற பட்டத்துக்காக இந்த ஊர் போடாத மனு இல்லை. பலகையில் எழுதினால் மட்டும் விமானம் வராது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பலகை எழுத பெயிண்டர் போதும், ஒப்பந்தம் எழுத முதுகெலும்பு வேண்டும். 24 மணி நேரமும் நிலையம் திறந்திருக்கும் என்று 2024 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. காவலர் விழித்திருந்தார். தொடக்கத்தில் இரவு விமானம் மட்டும் இல்லை.

அதற்காக இந்த நிலையம் சும்மா கிடக்கிறது என்று யாரும் பழி சொல்லக் கூடாது. தமிழ்நாட்டிலேயே பரபரப்பான பேட்டி மண்டபம் இதுதான். பேப்பரைப் புரட்டுங்கள்: 'மதுரை விமான நிலையத்தில் செய்தியாளர்களிடம் அவர் கூறியதாவது.' கூட்டணி இங்கேதான் அமைகிறது. இங்கேதான் உடைகிறது. பொதுச்செயலாளர் இறங்கினால் பேட்டி, ஏறினால் பேட்டி, ஏறி இறங்குகிறவரை வரவேற்க வந்தவரும் பேட்டி. பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைக்குகளுக்கு நடுவே குனிந்து போகிறார். 2019 ஜனவரி 27 அன்று எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டு விழா நடந்ததுகூட மருத்துவமனை வரவேண்டிய தோப்பூரில் அல்ல. விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டேலா நகரில். தோப்பூர் வரைக்கும் யார் போய்க்கொண்டிருப்பது!

பெயர்ச் சண்டை வேறு. நிலையத்துக்கு முத்துராமலிங்கத் தேவர் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. இமானுவேல் சேகரன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு. மீனாட்சி பெயர் போதுமே என்று மூன்றாவது தரப்பு. தேர்தல் வந்தால் தலைவர்கள் ஆளுக்கொரு வாக்குறுதியோடு வருகிறார்கள். எந்தத் தலைவராவது, பெயர் எதுவாக இருந்தாலும் இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு விமானம் வரும் என்று சொன்னாரா? சொல்ல மாட்டார். விமானத்துக்கு ஓட்டில்லை. பெயருக்கு இருக்கிறது.

2025 நவம்பரில் இன்னொரு பரிசு. மதுரை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. இருபது லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம். எந்தக் கணக்கெடுப்பின்படி? 2011. அதற்குப் பிறகு மதுரையில் யாரும் பிறக்கவில்லை, யாரும் குடிவரவில்லை. 2021-இல் எண்ண வேண்டியவர்கள் எண்ணவில்லை. எண்ணாத குற்றத்துக்கு எண்ணப்படாதவனுக்குத் தண்டனை. சென்னையில் கொதித்தார்கள். கொதிக்கட்டும். ஆனால் திட்டத்திலிருந்த தடம் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை, 32 கிலோமீட்டர். விமான நிலையம் அந்தத் தடத்தில் இல்லை. கிடைக்காத ரயிலும் நம்மை விமானத்தில் ஏற்றிவிடுவதாக இல்லை.

கடைசியாக ஓடுதளம். மதுரையின் ஓடுதளம் 7,500 அடி. அதை 12,500 அடியாக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசுகிறார்கள். வெளிநாட்டு விமானம் ஏன் வரவில்லை என்று கேட்டால் ஓடுதளம் குட்டை என்று ஒரு சாக்கு கேட்கிறது. துபாய்க்குப் பறந்தது எதிலிருந்து? இதே 7,500 அடியிலிருந்து. சிங்கப்பூருக்கு? இதே 7,500 அடி. பெரிய உடம்புள்ள விமானங்களுக்குத்தான் நீளம் வேண்டும். சின்ன விமானத்துக்கே அனுமதி தராதவர்கள் பெரிய விமானத்துக்குத் தரை தேடுகிறார்கள். நீட்டினால் சுற்றுச்சாலை குறுக்கே வரும். சாலையை ஓடுதளத்துக்கு அடியில் குடைந்து கொண்டுபோவதா, சுற்றி வளைத்துவிடுவதா என்று கடிதம் போனது, கடிதம் வந்தது, கலெக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அறுநூறு ஏக்கருக்கும் மேல் நிலம் குறித்தார்கள். அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பாப்பானோடை, ராமன்குளம் என்று வரிசையாக ஊர்கள். அதில் ஒன்று சின்ன உடைப்பு.

விமானத்துக்கு மிக அருகில் குடியிருப்பவர்கள் சின்ன உடைப்புக்காரர்கள்தான். ஒவ்வொரு விமானமும் அவர்கள் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போகிறது. அதில் ஏறியவர் அந்த ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை; கணக்கெடுத்தது ஏக்கரை மட்டும். பணம் கொடுத்தாயிற்று, காலி செய்யுங்கள் என்றது நிர்வாகம். பணம் சரி, நாங்கள் எங்கே போவது என்றார்கள் அவர்கள். ஊராக இருந்தோம், ஊராகவே குடிவையுங்கள், மனையும் வீடும் கொடுங்கள் என்றார்கள். பேராசை என்றார்கள் அதிகாரிகள். ஐந்தாயிரம் அடி நீளம் கூடுதலாகக் கேட்பது வளர்ச்சி. மூன்று சென்ட் மனை கேட்பது பேராசை.

2024 நவம்பரில் நிலத்தை எடுக்கப் போனார்கள். ஊர் திரண்டு மறித்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனது. அன்று வருவாய்த் துறை சொன்ன நேரத்துக்கு வந்தது. போலீஸ் அதற்கும் முன்பே வந்தது. மாற்று மனைக்கான பட்டா மட்டும் வந்து சேரவில்லை.